ஸ்பேனர் பூஜையில இருக்கு

வீலு முழங்கால்ல இடிக்குதா தாயி? இருங்க, இந்தப் பக்கமாச் சாச்சுக்கிறேன். என்ன செய்ய, முன் வீலைக் கழட்டினாத்தான் சைக்கிளை ஏத்துவேன்னு கண்டக்டரு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு. ரெண்டு சைக்கிளும் கடைசி சீட்டுக்கிட்ட படுத்துக் கிடக்கு. வீலு ஒண்ணு எம்மடியில. இன்னொண்ணு அந்தா, நமக்கு முன் சீட்டுல தலையில துண்டைப் போட்டு ஜன்னல்ல சாஞ்சிருக்காகள்ல, அவுக மடியில. அவுகதான் கோகிலா டீச்சர். எனக்குச் சம்பந்தி. அருப்புக்கோட்டையில பிடி டீச்சரா, அதான் விளையாட்டு டீச்சரா, இருந்து ரிட்டையர் ஆனவுக. தூங்குறாக பாவம், அசதி.

நீங்க எங்கன இறங்கணும்? பரமக்குடியா? அப்ப சொல்லி முடிச்சுரலாம். இந்தாங்க, சேவு எடுத்துக்கோங்க, சாத்தூர்ச் சேவு. எனக்குச் சாத்தூருதான். தனபாக்கியம்னு பேரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஜாக்கெட் தைக்கிற தனம் அக்கா கடைன்னா சின்னப் புள்ள கூடக் காட்டும். கல்யாணம் ஆன வருசம் வாங்குன தையல் மெஷின், இன்னைக்கு வரை மக்கர் பண்ணுனது கிடையாது. ஏன்னு கேளுங்க. எண்ணெய்! வாரம் தவறாம எண்ணெய் போட்டுருவேன். மெஷின்னு ஒண்ணு இருந்தா அதுக்கு எண்ணெய் போடணும். எனக்குத் தெரிஞ்ச வித்தை அம்புட்டுத்தான்.

ஆத்தாடி, பாலம் வந்துருச்சு. பாம்பன் பாலம். இங்கனதான் தாயி, இந்த ஏத்தத்துலதான், இல்ல, அங்கிட்டிருந்து வரும்போது இது இறக்கம்... இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். எனக்கு முன்ன பின்னச் சொன்னாப் பிடிக்காது.

எம்மக இந்துஜாவும் டீச்சர் மகன் சரண்ராஜும் பெங்களூர்ல ஒரே ஆபீஸு. ஒருத்தருக்கொருத்தர் பிடிச்சுப்போச்சு. எங்க வீட்டுக்காரரு சரின்னுட்டாரு. நானும் சரின்னுட்டேன். டீச்சர் மட்டும் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாக. நாற்காலியில சாயாம, நெட்டுக்குத்தலா உட்கார்ந்து காபி குடிச்சாக. கழுத்துல விசிலு. ரிட்டையர் ஆகியும் விசிலைக் கழட்டலை பாருங்க. குடிச்சு முடிச்சுட்டு என்ன சொன்னாக தெரியுமா?

"வீட்டுக்குள்ள உட்கார வச்சுப் பார்த்தா எல்லாரும் நல்லவங்கதான். ஒரு ஆளைத் தெரிஞ்சுக்கணும்னா ரோட்டுல கூட்டிட்டுப் போகணும். விஜயதசமி அன்னைக்குத் தனுஷ்கோடிக்குச் சைக்கிள்ல போறேன். எங்க சைக்கிள் குரூப்புல ஒரு வண்டி சும்மா நிக்குது. நீங்க வர்றீங்களா?"

பொண்ணு பார்க்க வந்தவுக, பொண்ணைப் பெத்தவளையில்ல பார்க்குறாக! கடைக்கு லேடீஸ் சைக்கிள்ல போறவதான் நான். ஆனா அது எங்க, தனுஷ்கோடி எங்க! இந்துஜா போன்ல அழுகாத குறை. "அம்மா, என் வாழ்க்கையே உங்கிட்டதான் இருக்கு. தயவு செஞ்சு அதிகம் பேசாத. எதையும் நீயா செய்யாத"ன்னா. கேட்டீங்களா? நான் என்னமோ வாயாடி மாதிரியும், கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாதவ மாதிரியும்!

ஆயுத பூஜைக்கே டீச்சர் வீட்டுக்குப் போயிட்டேன். அவுக வீட்டுல பூஜைன்னா ஒரு ஊதுபத்தி, அதுக்கு மேல கிடையாது. வீட்டுக்காரரு போனதுல இருந்து எதுலயும் ஒரு பிடிப்பு இல்லன்னு சரண் சொல்லியிருக்கான். சரி, நாளைக்குச் சம்பந்தியாகப் போற வீடு, நாம பார்த்துச் செய்வோம்னு நானே உட்கார்ந்துட்டேன். டூல்ஸ் பையைத் திறந்து ஸ்பேனரு, ஸ்க்ரூ டிரைவரு, பஞ்சர் ஒட்டுற சாமான், காத்தடிக்கிற பம்பு, அதுக்குள்ள கிடந்த என் போன் சார்ஜரு, எல்லாத்தையும் துடைச்சு, பொட்டு வச்சு, சரஸ்வதி முன்னால வரிசையா அடுக்கினேன். சைக்கிளுக்கும் வச்சேன். இந்தா, வீலுக்கு நடுவுல வெள்ளித்தட்டு மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, டிஸ்க் பிரேக்காம். நாலு தட்டுக்கும் ரெண்டு பக்கமும் சந்தனத்தைக் கெட்டியா அப்பிக் குங்குமம் வச்சேன். அம்மனுக்கு அலங்காரம் பண்ணுன மாதிரி அம்புட்டு அழகு!

விடியக்கருக்கல்ல கிளம்புறோம். "டூல்ஸ் பை எடுத்தாச்சா?"ன்னாக. எடுத்தாச்சுன்னேன். பையைத்தான் எடுத்தாச்சே. உள்ள இருந்த சாமானைக் கேட்கலையே. நீங்களே சொல்லுங்க, விஜயதசமி காலையில தேங்காய் உடைச்சு மறுபூஜை பண்ணாம, பூஜையில வச்ச சாமானை எடுக்கலாமா? சாமி குத்தமாகாதா? மறுபூஜை பண்ண நேரமில்ல. அதான் அதுபாட்டுக்கு அங்கனயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். வெறும் பையைத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு பொரி, கடலை, வெத்தலை பாக்கு, சூடம் எல்லாம் போட்டேன். கனம் குறையுமேன்னு ரெண்டு முழுத் தேங்காயும் வச்சேன். கருத்தா செஞ்சேன்.

கமுதி வரைக்கும் ராணி மாதிரி போனோம். என்ன, பிரேக் பிடிச்சா மட்டும் கீச்சுன்னு ஒரு சத்தம். ரெண்டு சைக்கிள்லயும். ஊருக்குள்ள நுழைஞ்சா நாயெல்லாம் கூடச் சேர்ந்து ஊளை விடுது. "நேத்து வரை நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு டீச்சர் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தாக. நான் அப்பிய சந்தனமோ ஓடுன ஓட்டத்துல மறைஞ்சே போச்சு, சாமியே எடுத்துக்கிருச்சு. சத்தத்துக்கு ரோட்டுத் தூசிதான் காரணம்னு சொன்னேன்.

கமுதி தாண்டி ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. அந்த ரோட்டுல மண்ணை விட முள்ளு அதிகம். டீச்சர் சைக்கிள்ல புஸ்ஸுன்னு காத்து இறங்கிருச்சு. அவுக கலங்கவே இல்ல. "இதுக்குத்தானே டூல்ஸ் வச்சிருக்கோம்"னு பையைத் திறந்தாக. கையை விட்டாக. கை நிறையப் பொரி வந்துச்சு. மறுபடி விட்டாக. தேங்காய் வந்துச்சு.

"என்ன இது?"

"பிரசாதம் டீச்சர்."

"ஸ்பேனர்?"

"பூஜையில இருக்கு."

கழுத்துல கிடந்த விசிலை எடுத்து வாயில வச்சாக. ஊதல. வச்சபடியே நின்னாக. அப்புறம் கையில இருந்த பொரியை வாயில போட்டு மென்னுக்கிட்டே தூரத்துல ஒரு மரத்தடிக்குப் போயி மகனுக்குப் போன் போட்டாக. என்ன பேசுனாகன்னு காதுல விழல. ஒத்தக் கையை அப்படி இப்படி வீசி வீசிப் பேசுனாக. நடுவுல என்னையக் கையைக் காட்டிக் காட்டிப் பேசுனாக. அம்மாவும் மகனும் என்னா பாசம், நம்மளையும் சேர்த்துப் பேசிக்கிறாகளேன்னு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

தள்ளிக்கிட்டே அடுத்த ஊருக்குப் போனோம். ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரு குளிச்சு முழுகித் திருநீறு பூசி வெளிய உட்கார்ந்திருக்காரு. டீச்சர் ஓட்டமா ஓடிப்போயி பஞ்சருன்னாக. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "சாமானெல்லாம் பூஜையில இருக்குக்கா. மறுபூஜை பண்ணாமக் கை வைக்க மாட்டேன். தேங்காய் வாங்கப் போன எங்க வீட்டம்மாவ இன்னும் காணோம்."

டீச்சரை ஒரு பார்வை பார்த்தேன், அம்புட்டுத்தான். பையைத் திறந்து ஒரு தேங்காயை எடுத்து நீட்டினேன். வெத்தலை பாக்கு, சூடம், பொரி எல்லாம் வரிசையா நம்ம பையில இருந்துதான் வருது. டீச்சர் கையில மணியைக் குடுத்து ஆட்டச் சொன்னாரு. விசில் ஊதுன கை மணி ஆட்டுது! மறுபூஜை முடிஞ்சு, அவரு ஸ்பேனரைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்து, பஞ்சரை ஒட்டி முடிச்சாரு. நான் ஸ்பேனரைக் கொண்டுவந்து, தேங்காயை விட்டுட்டு வந்திருந்தா என்ன கதி ஆகியிருக்கும்? கேட்டேன். டீச்சர் ரெண்டு கையையும் எடுத்து என்னையக் கும்பிட்டாக. என் பக்தியைப் பார்த்து அசந்துட்டாக. அந்தக் கடையிலயே ஒரு பழைய ஸ்பேனரும் பம்பும் வாங்கித் தன் பையில தானே வச்சுக்கிட்டாக. அந்தப் பையை என்னையத் தொடவே விடல. எனக்குச் சிரமம் வேண்டாம்னு நினைச்சிருப்பாக.

அன்னைக்கு ராத்திரி முதுகுளத்தூர்ல எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் வீட்டுல தங்குனோம். மறுநாள் ராமநாதபுரம் போற வழியில என் பின் டயரு ஒரு பாட்டில் சில்லுல ஏறி வாயைப் பிளந்துருச்சு. டியூபு பஞ்சருன்னா ஒட்டிரலாம். டயரே கிழிஞ்சா? டீச்சரே தலையில கை வச்சுட்டாக. "முடிஞ்சுது. இனி பஸ்தான்"னாக. பாதியில திரும்பினா, இந்தப் பொம்பள பாதி வழிகூடத் தாங்க மாட்டான்னு கணக்காகிரும். எம்மக முகம் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு.

கிழிஞ்சா என்ன, தைக்கிறதுதானே நம்ம தொழிலு? ஊசி நூல் இல்லாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன். கோணி ஊசி இருந்துச்சு. உள்ள வச்சுத் தைக்கக் கெட்டித் துணி வேணும். டீச்சர் கடையில வாங்குன பம்பைத் துடைச்சுக்கிட்டு இருந்தாக. அவுக துணிப்பையில ஒரு ஜீன்ஸ் பேண்டு மடிச்சு இருந்துச்சு. பின்னால ரெண்டு பாக்கெட்டு. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணைப் பிரிச்சு எடுத்து, நாலு மடிப்பு மடிச்சு, டயருக்குள்ள வச்சு, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற மாதிரி நெருக்கமாத் தைச்சுட்டேன். மாட்டிக் காத்தடிச்சா, நின்னுச்சு தாயி! சத்தியமா நின்னுச்சு!

டீச்சர் தையலைத் தடவிப் பார்த்தாக. அப்புறம் துணியைப் பார்த்தாக. "இது என்னோட பேண்டா?"ன்னாக. "பின் பக்கம்தான் டீச்சர், வெளிய தெரியாது"ன்னேன். "இந்த வண்டியை நான் ஓட்டுறேன். நீங்க என்னோடதுல வாங்க"ன்னாக. பார்த்தீங்களா, எனக்கு ஆபத்து வந்துரக் கூடாதுன்னு தன் வண்டியைக் குடுத்தாக.

தைச்ச இடம் கொஞ்சம் பொடப்பா இருந்துச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் டீச்சரை ஒரு எம்பு எம்பும். டொக்குன்னு ஒரு எம்பு, டொக்குன்னு ஒரு எம்பு. கொஞ்ச தூரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாக. அப்புறம் பார்த்தா வாய்க்குள்ளயே, "லெஃப்ட்... லெஃப்ட்... லெஃப்ட் ரைட் லெஃப்ட்." எதிர்ல வந்த ஆட்டுக்காரரு வழி விட்டு நின்னு சல்யூட் அடிச்சாரு. டீச்சரும் திருப்பி அடிச்சாக. உதட்டோரம் லேசாத் துடிச்சுச்சு. ஆனா சிரிக்கல. பிடி டீச்சர்ல, அவ்வளவு லேசுல சிரிக்க மாட்டாக.

மண்டபம் ஊருல ஒரு லாட்ஜுல தங்குனோம். எனக்குத் தூக்கமே வரல. மறுநாள் சாயங்காலம் தனுஷ்கோடி, பயணம் முடியப்போகுது, இன்னும் சம்பந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. என்னையக் கூப்பிடுறது "இந்துஜா அம்மா"ன்னுதான். எங்க பக்கம் சம்பந்தி ஆயிட்டா மதினின்னு கூப்பிடுவோம். அந்த வார்த்தை அவுக வாயில வரவே இல்ல. நாம என்ன குறை வச்சோம்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியல. அப்பத்தான் தோணுச்சு, அந்தக் கீச்சுச் சத்தம்! ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் டீச்சர் முகம் சுளிக்கிறாகளே, அதைச் சரி பண்ணிட்டா?

விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு, மூக்கு நீண்ட எண்ணெய் டப்பாவை எடுத்துக்கிட்டுக் கீழ போனேன். மெஷின் எண்ணெய், நயமான எண்ணெய். ரெண்டு சைக்கிளு, நாலு தட்டு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் ஆசை தீர விட்டேன். தட்டைக் கவ்விக்கிட்டு ஒரு சின்னப் பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ளயும் மூக்கை விட்டு ரெண்டு சொட்டு. பிரேக்கைப் பிடிச்சுப் பார்த்தேன். சத்தம்? மூச்! பூனை நடக்குற மாதிரி.

என்ன தாயி, முன் சீட்டைப் பார்க்குறீங்க? ஆமா, டீச்சர் தோளு குலுங்குது. தூக்கத்துல அப்படித்தான். உடம்பு வலியா இருக்கும்.

லாட்ஜு வாசல்ல இருந்து பாலம் வரைக்கும் ஒரே மட்டம். பிரேக்குக்கு வேலையே இல்ல. இந்துஜா சொன்ன மாதிரி நானும் வாயைத் திறக்கல, செஞ்ச உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாதுல்ல. பாலத்துல மூச்சு வாங்க வாங்க ஏறுனோம். உச்சியில நின்னோம். ரெண்டு பக்கமும் கடலு. கீழ ரயில் பாலம், படகெல்லாம் தீப்பெட்டி மாதிரி. காத்து சேலையைப் பிடிச்சு இழுக்குது. ஆமா, சேலைதான், கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிச் சொருகி, உள்ள டீச்சர் குடுத்த டிராக் பேண்டு. டீச்சர் கடலையே பார்த்துக்கிட்டு இருந்தாக. "சரணோட அப்பா இருந்தப்ப இங்க வந்தோம்"னாக. அவ்வளவுதான். அப்புறம் "வாங்க, மெதுவா பிரேக் பிடிச்சு இறங்கலாம்"னு முன்னால இறங்குனாக.

நானும் பிடிச்சேன். பிடிச்ச பிடியில கைதான் வலிக்குது, வண்டி நிக்கல. போகுது. சும்மா போகல, பறக்குது! முன்னால டீச்சர், டொக்கு டொக்கு டொக்குன்னு எம்பிக்கிட்டே பறக்குறாக. லெஃப்ட் ரைட் சொல்ல நேரமில்ல. பாலத்து ஓரமா காரை நிப்பாட்டிப் போட்டோ எடுக்குறவுக, ஐஸ் விக்கிறவரு, எல்லாரும் சிதறுறாக. விசிலு! அன்னைக்குத்தான் அந்த விசிலு ஊதுனதைக் கேட்டேன். பீய்ய்ய்னு ஊதிக்கிட்டே போறாக. நான் முருகான்னு கத்துறேன், இந்துஜான்னு கத்துறேன், வாயில வந்த பேரையெல்லாம் கத்துறேன். என் வண்டி அவுக வண்டிக்குச் சமமா வந்துருச்சு. டீச்சர் திரும்பி என்னையப் பார்த்து உயிரைக் குடுத்துக் கத்துனாக:

"மதினீ! பிரேக் பிடிக்கல மதினீ!"

தாயி, பிரேக்குன்னு சொன்னது என் காதுல விழவே இல்ல. மதினின்னது மட்டும்தான் விழுந்துச்சு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பயமெல்லாம் எங்கன போச்சுன்னே தெரியல. "என்ன மதினீ!"ன்னேன். ரெண்டு கையையும் விடாதது ஒண்ணுதான் பாக்கி. செத்தாலும் சம்பந்தியாத்தான் சாவோம்னு அம்புட்டுச் சந்தோசம்!

பாலம் முடியிற இடத்துல ரோட்டோரம் மணலு, கருவாட்டுக்கு விரிச்ச வலை. டீச்சர் மணலுக்குள்ள வண்டியைத் திருப்புனாக. நானும் திருப்புனேன். சைக்கிளு சொருகி நின்னுச்சு, நாங்க நிக்கல. ரெண்டு பேரும் வலை மேல உருண்டு, ஒருத்தரு கால்ல ஒருத்தரு தலை வச்சுக் கிடந்தோம். கருவாட்டு வாசம். ஒரு சிராய்ப்புக் கூட இல்ல.

டீச்சர் மெள்ள எந்திரிச்சு, தட்டை விரலால தொட்டாக. மோந்து பார்த்தாக. "எண்ணெய் போட்டீங்களா மதினி?"

"பின்ன? நாலுக்கும் போட்டேன். நல்ல வேளை போட்டேன் மதினி. கடல் காத்து உப்புல பிரேக்கே போயிருச்சு பாருங்க. எண்ணெயும் போடாம இருந்திருந்தா வண்டி என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

என்னைய உத்துப் பார்த்தாக. பார்த்துக்கிட்டே இருந்தாக. அப்புறம் அவுக வயித்துல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. சிரிப்பு! மணல்ல விழுந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி ஓட ஓடச் சிரிச்சாக. "பொரி..."ம்பாக, சிரிப்பாக. "பின் பாக்கெட்டு..."ம்பாக, சிரிப்பாக. "அவர் போனதுக்கப்புறம் இப்படிச் சிரிச்சதே இல்ல மதினி"ன்னு சொல்லிக் கொஞ்சம் அழுதாக, மறுபடி சிரிச்சாக. எதுக்குச் சிரிக்கிறாகன்னு எனக்கு விளங்கல. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். வலைக்காரரு ரெண்டு டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு, எட்டவே நின்னு பார்த்தாரு.

டீக்கடையில சோப்பு வாங்கித் தட்டையெல்லாம் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனாக. பிரேக்கு என்னவோ ஓரளவுக்குப் பிடிச்சுச்சு. ஆனா மறுபடி கீச்சுச் சத்தம் வந்துருச்சு. நயமான எண்ணெய் அம்புட்டும் வீணு.

சாயங்காலம் தனுஷ்கோடி போயி ரோடு முடியிற இடத்துல ரெண்டு பேரும் கடலைத் தொட்டோம். அங்கனயே பேசி முடிச்சுட்டோம். கல்யாணம் தை மாசம், அருப்புக்கோட்டையில. மண்டபம் அவுக பார்ப்பாக, சமையல் எங்க பொறுப்பு. ராமேஸ்வரம் லாட்ஜுல சார்ஜர் இரவல் வாங்கிச் செத்துக் கிடந்த என் போனை உயிர்ப்பிச்சு, எம்மகளுக்கு நல்ல சேதி சொல்லக் கூப்பிட்டா, அவ ஓன்னு அழுகுறா.

"எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. நானும் சரணும் பேசிக்கவே இல்ல"ங்குறா.

என்னன்னு கேட்டா, முதல் நாளு டீச்சர் மரத்தடியில நின்னு போன் போட்டாகள்ல, அதை அந்தப் பய அப்படியே இவகிட்டச் சொல்லியிருக்கான். "உங்கம்மா ஏன் இப்படி?"ன்னானாம். "உங்கம்மா எதுக்குப் பரீட்சை வைக்கிறாங்க?"ன்னாளாம். முத்திப்போயி, கல்யாணமே வேண்டாம்னு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிருச்சுக. அங்க அதுக அடிச்சுக்கிட்ட நேரத்துலதான் இங்க நாங்க ஒருத்தருக்கொருத்தர் மதினி ஆகியிருக்கோம்!

டீச்சர் என் கையில இருந்து போனை வாங்குனாக. மகனையும் அதே லைன்ல சேர்த்தாக. விசிலை எடுத்து ஒரு ஊது. ரெண்டும் கப்சிப்.

"கல்யாணம் வேண்டாம்னா வேண்டாம். ஆனா சனிக்கிழமை ரெண்டு பேரும் அருப்புக்கோட்டைக்கு வர்றீங்க. சைக்கிள்ல தனுஷ்கோடி போறீங்க. போயிட்டு வந்து சொல்லுங்க, கேட்டுக்கறோம்"னாக. பய, "சைக்கிள் மக்கர் பண்ணுனா?"ன்னு இழுத்தான். "பண்ணும்"னாக டீச்சர்.

போனை வச்சுட்டு என்னையப் பார்த்து, "மதினி, டூல்ஸ் பையை நீங்களே கட்டுங்க"ன்னாக. வழி முழுக்க என்னையத் தொட விடாதவுக! எனக்கு விளங்கிருச்சு. ஸ்பேனரு பூஜையிலயே இருக்கட்டும். பொரி, கடலை, வெத்தலை பாக்கு, சூடம், ரெண்டு முழுத் தேங்காய். ஊசி நூலும் வைப்பேன். மீதியை அதுக ரெண்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பார்த்துக்கிடட்டும்.

பரமக்குடி வந்துருச்சு போல. பார்த்து இறங்குங்க தாயி. மீதிச் சேவையும் வச்சுக்கோங்க. என்ன? பிரேக்கா? அதைப் பத்திக் கவலையே படாதீங்க. டீச்சர் கழுவிக் கழுவி எண்ணெய் ஒரு பொட்டு இல்லாம ஆக்கிட்டாகள்ல. சனிக்கிழமை காலையில அவுக எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாலு தட்டுக்கும் நானே நல்லாப் போட்டு விட்டுருவேன்.